செவ்ரோலெட் சி-10 பிக்கப் வண்டி மாற்றியமைப்பு

செவ்ரோலெட் சி-10 பிக்கப் வண்டி மாற்றியமைப்பு என்பது, ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவ்ரோலெட் என்னும் வணிகப்பெயரில் தயாரித்த சி-10 வகைச் சிறு சரக்கு வண்டிகளை வெட்டியும், பற்றவைத்தும், புதிய உறுப்புகளைப் பொருத்தியும் அவற்றின் உயரம், நீளம், எஞ்சின், தோற்றம் ஆகியவற்றை மாற்றும் பட்டறைத் தொழிலையும் பொழுதுபோக்கையும் குறிக்கும். சி-10 பெயரிலான வண்டிகள் 1960 மாடல் ஆண்டிலிருந்து வெளிவந்தன. அவற்றுள் 1967 முதல் 1972 வரையிலான இரண்டாம் தலைமுறை வண்டிகள் மாற்றியமைப்போரிடையே பெரிதும் விரும்பப்படுபவை. இக்கட்டுரை முதன்மையாக அத்தலைமுறையைப் பற்றியது.

பழைய வண்டி ஒன்றை அது ஆலையிலிருந்து வெளிவந்த நிலைக்கே திரும்பக் கொண்டுவருவது மீட்டமைப்பு எனப்படும். மாற்றியமைப்பு அதிலிருந்து வேறானது. இதில் பழைய உருவம் பேணப்பட்டாலும், அதன் அடியில் உள்ளவை புதுக்காலத்துக்கு உரியவையாக மாறுகின்றன. மீட்டமைப்பையும் மாற்றியமைப்பையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை இணைத்து இத்தகைய வண்டிகளை ரெஸ்டோமாட் என்று அழைக்கின்றனர்.

வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது பெரும்பாலும் அழகு வேலையாகவே தோன்றும். உண்மையில் இது ஒரு பொறியியற் சிக்கல். பிக்கப் வண்டி சுமை தாங்குவதற்காக வடிவமைக்கப்பட்ட ஒன்று. அதன் ஓர் உறுப்பை மாற்றினால் அதனோடு தொடர்புடைய வேறு நான்கு உறுப்புகளும் மாற்றத்தைக் கேட்கின்றன. வண்டியைத் தாழ்த்தினால் அடிச்சட்டத்தை வெட்ட வேண்டியிருக்கிறது. அடிச்சட்டத்தை வெட்டினால் அதற்கு வலுவூட்ட வேண்டியிருக்கிறது. எஞ்சினை மாற்றினால் பெட்ரோல் தொட்டி முதல் பிரேக் வரை எல்லாமே கணக்கில் வருகின்றன. இத்தொடரின் ஏதேனும் ஒரு கண்ணியை விட்டுவிட்ட வண்டி, பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், சாலையில் ஓட்டத் தகுதியற்றதாகவே இருக்கும்.

பெயரும் அடிப்படை அமைப்பும்

சி-10 என்னும் பெயரில் உள்ள சி என்ற எழுத்து, பின்சக்கரங்கள் மட்டும் இயக்கப்படும் வண்டியைக் குறிக்கிறது. நான்கு சக்கரங்களும் இயக்கப்படும் வண்டிகள் கே என்னும் எழுத்தைப் பெற்றன. 10 என்பது அரை டன் வகுப்பைச் சுட்டும். இந்த அரை டன் பழைய வழக்கில் நிலைத்துவிட்ட பெயரே தவிர, வண்டி சுமக்கக்கூடிய எடையின் சரியான அளவு அன்று.

இன்றைய பெரும்பாலான கார்களில் உடலும் சட்டமும் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்டுள்ளன. சி-10 அவ்வாறானதன்று. சேசிஸ் எனப்படும் அடிச்சட்டம் தனியாக உள்ளது. இரண்டு நீண்ட எஃகுத் தண்டுகளும் அவற்றை இணைக்கும் குறுக்குத் தண்டுகளும் சேர்ந்த, ஏணி போன்ற அமைப்பு அது. ஓட்டுநர் அறை, முன்பக்கத் தகடுகள், சரக்குப் பெட்டி ஆகிய மூன்றும் அதன்மேல் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டுள்ளன. போல்ட்டுகளைக் கழற்றிவிட்டால் நான்கு பேர் சேர்ந்து சரக்குப் பெட்டியைக் கையாலேயே தூக்கி இறக்கிவிடலாம். சிறிய கொட்டகையில் வேலை செய்யும் ஆர்வலர்களுக்கும் இவ்வண்டி கைவசப்படுவதற்கு இந்த எளிமையே முதற்காரணம்.

சரக்குப் பெட்டி இரு வகைப்படும். பிளீட்சைடு வகையில் பக்கத் தகடுகள் ஓட்டுநர் அறையின் அகலத்துக்கே நேராகச் செல்லும். சக்கர வளைவுகள் பெட்டிக்கு உள்ளே இருக்கும். ஸ்டெப்சைடு வகையில் பெட்டி குறுகலானது. சக்கர மூடிகள் வெளியே புடைத்து நிற்கும். அதன் பக்கவாட்டில் கால் வைத்து ஏறப் படி உண்டு. நீளத்திலும் இரு அளவுகள் இருந்தன. குறும்பெட்டி ஏறத்தாழ ஆறரை அடியும் நெடும்பெட்டி எட்டு அடியும் கொண்டவை. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையிலான தூரம் குறும்பெட்டி வண்டியில் 115 அங்குலம் (292 செ.மீ.), நெடும்பெட்டி வண்டியில் 127 அங்குலம் (323 செ.மீ.) ஆகும். இந்த 12 அங்குல வேறுபாடு பின்னர் ஒரு தனித் தொழிலுக்கே வழிவகுத்தது.

வரலாறு

கார்களை மாற்றியமைக்கும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தென் கலிபோர்னியாவில் இருந்தது. போருக்குப் பின் அது பெரிதும் பரவியது. இத்துறைக்கென 1948 சனவரியில் ஹாட் ராட் என்னும் இதழ் தொடங்கப்பட்டது. இவ்வேலைக்குத் தேவையான உறுப்புகளைத் தயாரிப்போரின் சங்கமான சேமா 1963இல் உருவானது. அதன் வணிகக் கண்காட்சி தற்போது ஆண்டுதோறும் லாஸ் வேகஸ் நகரில் நடைபெறுகிறது.

அக்காலத்தில் மாற்றியமைப்போரின் கவனம் கார்களின் மீதே இருந்தது. பிக்கப் வண்டி பண்ணைக்கும் பட்டறைக்கும் உரிய கருவியாகவே கருதப்பட்டது. இந்நிலை 1955இல் மாறத் தொடங்கியது. அவ்வாண்டு செவ்ரோலெட் தனது புகழ்பெற்ற சிறு வி-8 எஞ்சினைப் பிக்கப் வண்டிகளுக்கும் வழங்கியது. கேமியோ கேரியர் என்ற பெயரில், கண்ணாடியிழைப் பக்கத் தகடுகளுடன் கார் போன்ற வழவழப்பான தோற்றமுடைய பிக்கப் ஒன்றையும் அதே ஆண்டில் வெளியிட்டது. கலிபோர்னியாவின் பெயர்பெற்ற கார் மாற்றியமைப்பாளரான ஜார்ஜ் பாரிஸ், 1956ஆம் ஆண்டு செவ்ரோலெட் பிக்கப் ஒன்றைக் கூரை தாழ்த்தி, வெண்மையும் செம்பு நிறமும் பூசிக் கோப்பர் கார்ட் என்னும் காட்சி வண்டியாக மாற்றினார்.

சி-10 வண்டிகள் நெடுங்காலம் வெறும் உழைப்பு வண்டிகளாகவே ஓடித் தேய்ந்தன. விலை மலிந்த பழைய வண்டிகளான பிறகே அவை மாற்றியமைப்போரின் கைக்கு வந்தன. பனிக்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் வடக்கு மாநிலங்களில் அவற்றுள் பெரும்பாலானவை துருவுக்கு இரையாயின. அரிசோனா, டெக்சாஸ், கலிபோர்னியாவின் உலர்ந்த பகுதிகள் போன்ற இடங்களில் தப்பியவையே இன்று தேடி வாங்கப்படுகின்றன.

பின் தொங்கமைவு

1967–72 தலைமுறையின் சிறப்பு அதன் பின் தொங்கமைவில் உள்ளது. அக்காலப் பிக்கப் வண்டிகள் பெரும்பாலும் பின்னச்சைப் பட்டைவில்களின் மீது தாங்கின. செவ்ரோலெட் சி-10இன் வழக்கமான அமைப்பு வேறு. அடிச்சட்டத்தின் நடுப்பகுதியிலிருந்து புறப்படும் இரண்டு நீண்ட கைகள் பின்னச்சைப் பிடித்துக்கொள்ள, சுருள்வில்கள் எடையைத் தாங்கின. பட்டைவில் விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. அதே நிறுவனத்தின் ஜி.எம்.சி. வண்டிகளில் இது தலைகீழாக இருந்தது.

இந்த நீண்ட கை அமைப்பின் தரத்துக்குச் சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயக் கார்கள் இதே முறையை எடுத்துக்கொண்டு, டிரக் கை என்ற பெயரிலேயே பல பத்தாண்டுகள் பயன்படுத்தின. முதன்மைத் தொடரான கப் பந்தயத்தில் 2022இல் புதிய தலைமுறைக் கார் வந்தபோதுதான் அது கைவிடப்பட்டது. சரக்கு வண்டியில் பிறந்த ஓர் அமைப்பு பந்தயக் களத்தில் அரை நூற்றாண்டு நிலைத்தது அரிதான செய்தியே.

வண்டியைத் தாழ்த்துதல்

மாற்றியமைப்பில் முதலில் செய்யப்படுவது பெரும்பாலும் உயரத்தைக் குறைப்பதே. ஆலையிலிருந்து வரும் பிக்கப் சுமை ஏற்றும்போது அமிழ்வதற்கு இடம் விட்டு உயர்த்தி அமைக்கப்படுகிறது. சுமையின்றி ஓடும்போது அந்த உயரம் தேவையற்றதாகிறது. எடையின் மையம் கீழே வந்தால் திருப்பங்களில் வண்டி சாய்வதும் குறைகிறது.

இதற்கு மிக மலிவான வழி சுருள்வில்லில் ஒன்றிரண்டு சுற்றுகளை அறுத்துவிடுவது. இதைவிடத் தவறானது வில்லைச் சுடரால் காய்ச்சி அமிழச் செய்வது. வில் எஃகின் வலிமை அதற்குக் கொடுக்கப்பட்ட வெப்பப் பதத்தில்தான் இருக்கிறது. சுடர் பட்ட இடத்தில் அப்பதம் போய்விடுவதால், வில் தொடர்ந்து அமிழ்ந்துகொண்டே போகும் அல்லது ஒருநாள் முறியும். முன்பக்கத்துக்குச் சரியான முறை, சக்கரத்தைத் தாங்கும் முளை ஏறத்தாழ 2.5 அங்குலம் உயரத்தில் அமைந்த மாற்றுத் தாங்கியைப் பொருத்துவதாகும். சக்கரம் மேலே செல்வதால் வண்டி கீழே வருகிறது. வில்லும் அதன் இயக்க நீளமும் மாறுவதில்லை.

பின்பக்கத்தில் குட்டையான சுருள்வில்களை வைப்பது எளிது. ஆனால் சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன. பின்னச்சு பக்கவாட்டில் நகராமல் இருக்க, அதன் ஒரு புறத்தையும் அடிச்சட்டத்தின் எதிர்ப்புறத்தையும் இணைக்கும் குறுக்குக் கம்பி ஒன்று உண்டு. சி-10இல் இக்கம்பி குட்டையானது. கம்பியின் முனை ஒரு வட்டவில்லில் நகர்வதால், வண்டி தாழும்போது அது அச்சு முழுவதையும் ஒரு பக்கமாக இழுத்துவிடுகிறது. அதன் விளைவாக ஒரு பக்கச் சக்கரம் தகட்டை நெருங்கியும் மறுபக்கச் சக்கரம் வெளியே தள்ளியும் நிற்கும். ஆகவே நீளமான, அளவு சரிசெய்யத்தக்க கம்பி தேவைப்படுகிறது. அச்சின் கோணமும் மாறுகிறது. எஞ்சினின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் தண்டின் இரு முனை மூட்டுகளும் ஒத்த கோணத்தில் இல்லாவிட்டால் குறிப்பிட்ட வேகத்தில் வண்டி அதிரும். ஆப்பு வடிவத் தகடுகளை அச்சின் அடியில் செருகி இக்கோணத்தைத் திருத்துகின்றனர்.

நான்கு அங்குலத்துக்கு மேல் தாழ்த்தினால் பள்ளங்களில் பின்னச்சு அடிச்சட்டத்தின் அடிப்பக்கத்தில் மோதும் வாய்ப்புப் பெரிதாகிறது. எனவே அச்சுக்கு நேர் மேலே சட்டத் தண்டின் கீழ்ப்பகுதியை வளைவாக வெட்டி எடுத்து, அந்த வளைவுக்கு ஏற்ற தடித்த எஃகு வலுவூட்டியைப் பொருத்துகின்றனர். ஆங்கில எழுத்தான சி போன்று அமைவதால் இது சி-நாட்ச் எனப்படுகிறது. ஒரு தண்டு வளைவை எதிர்க்கும் ஆற்றல் பெரிதும் அதன் உயரத்தைப் பொறுத்தது. உயரம் குறையும் விகிதத்தைவிட வேகமாக வலிமை குறைகிறது. ஆகவே வெட்டி எடுத்த அளவுக்கு இரும்பைத் திரும்ப வைத்தால் போதாது. வலுவூட்டி வெட்டின் இருபுறமும் நீண்டு சென்று நல்ல தண்டோடு இணைய வேண்டும்.

இதற்கு அடுத்த படி காற்றுத் தொங்கமைவு. சுருள்வில்களுக்குப் பதிலாக ரப்பர்க் காற்றுப் பைகள் வைக்கப்படுகின்றன. காற்றழுத்தி, காற்றுத் தொட்டி, வால்வுகள் ஆகியவற்றின் உதவியால் ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே வண்டியை உயர்த்தலாம், தாழ்த்தலாம். நிறுத்தும்போது அடிச்சட்டம் தரையைத் தொடும்படி அமைப்பதும் உண்டு. அதற்கு மேலும் தாழ வேண்டுமெனில் ஓட்டுநர் அறையின் தளத்தையே அறுத்து உயர்த்தி, அடிச்சட்டத்தின் மீது உடலை இறக்குகின்றனர். இந்நிலையில் வண்டி சரக்கு வண்டியாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. பெட்டியின் தளம் அச்சுக்கும் காற்றுப் பைகளுக்கும் வழிவிட்டு உயர்ந்துவிடுவதால், அதில் ஏற்ற இடமும் இல்லை, ஏற்றினால் தாங்கும் வில்லும் இல்லை.

அடிச்சட்டத்தைப் பெட்டியாக்குதல்

சி-10இன் சட்டத் தண்டுகள் ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் வடிவிலானவை. செங்குத்துச் சுமையை இவை நன்கு தாங்கும், ஆனால் முறுக்கலை எதிர்ப்பதில் பலவீனமானவை. தீப்பெட்டியின் உள் தட்டை மட்டும் எடுத்து முறுக்கினால் எளிதில் வளையும். அதே தட்டின் வாயை அட்டையால் ஒட்டி மூடிவிட்டு முறுக்கினால் வளையாது. திறந்த வாய்க்காலின் வாயை எஃகுத் தகட்டால் மூடிப் பற்றவைத்தால் அதன் முறுக்கு விறைப்பு பல மடங்கு உயர்வதும் இதே காரணத்தால்தான். ஆற்றல் மிக்க எஞ்சின் பொருத்தப்படும் வண்டிகளில் இது பரவலாகச் செய்யப்படுகிறது.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. மூடிய பெட்டிக்குள் நீர் தேங்கினால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும் என்பதால் வடிதுளைகள் விடப்பட வேண்டும். நீண்ட தகட்டை ஒரே மூச்சில் பற்றவைத்தால் சட்டம் வாழைப்பழம் போல் வளைந்துவிடும். ஆகவே அடிச்சட்டத்தைச் சமதள மேசையில் இறுகப் பிணைத்து, இங்கும் அங்குமாகச் சிறு சிறு துண்டங்களில் பற்றவைத்து, இடையிடையே மூலைவிட்ட அளவுகளைச் சரிபார்க்கின்றனர்.

நெடும்பெட்டி வண்டியைக் குறுக்குதல்

உழவர்களும் வணிகர்களும் அதிகச் சரக்கு ஏற்ற நெடும்பெட்டி வண்டிகளை வாங்கினர். மாற்றியமைப்போர் விரும்புவது குறும்பெட்டி வண்டிகளின் கச்சிதமான தோற்றத்தை. இதனால் குறும்பெட்டி வண்டிகள் கூடுதல் விலை பெறுகின்றன. நெடும்பெட்டி வண்டியை வாங்கிக் குறுக்கும் வேலை இந்த விலை வேறுபாட்டிலிருந்து பிறந்தது.

பெட்டியைக் கழற்றிவிட்டு, பின்னச்சுக்கு முன்னால் ஒவ்வொரு சட்டத் தண்டிலிருந்தும் 12 அங்குலத்தை அறுத்து எடுக்கின்றனர். பெட்டியின் நீள வேறுபாட்டில் எஞ்சிய பகுதி அச்சுக்குப் பின்னாலிருந்து எடுக்கப்படுகிறது. வெட்டு எவ்வாறு அமைகிறது என்பது உயிர் காக்கும் செய்தி. தண்டை நேர்செங்குத்தாக அறுத்து முனைக்கு முனை பற்றவைத்தால், பற்றவைப்பின் வெப்பத்தால் பலவீனமான பட்டை முழுவதும் ஒரே குறுக்குவெட்டில் அமைந்துவிடுகிறது. முறிவு தொடங்கினால் அது தண்டின் குறுக்கே தடையின்றி ஓடும். சாய்வாகவோ படி வடிவிலோ அறுத்து இணைத்தால் அப்பட்டை நீளவாக்கில் பரவுகிறது. இணைப்பின் உட்புறம் கூடுதல் தகடும் வைக்கப்படுகிறது. தண்டின் மேல், கீழ் விளிம்புகளே மிகுந்த இழுவிசையையும் அழுத்தத்தையும் தாங்குவதால் அவற்றில் புதிய துளைகள் இடுவது தவிர்க்கப்படுகிறது.

அறுப்பது ஒருநாள் வேலை. அதன் தொடர் வேலைகள் நீண்டவை. சுழல் தண்டைக் குறைத்து மீண்டும் சமநிலைப்படுத்த வேண்டும். பிரேக் குழாய்கள், கைப்பிரேக் கம்பி, மின்கம்பிகள், புகைக்குழாய் ஆகியவை புதிய நீளத்துக்கு மாற வேண்டும். பெட்டியைக் குறும்பெட்டியாக வெட்டி ஒட்டுவதா, சந்தையில் கிடைக்கும் புதிய குறும்பெட்டித் தகடுகளை வாங்குவதா என்பதும் முடிவு செய்யப்பட வேண்டும்.

தகட்டு வேலை

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் டிங்கரிங் என்று வழங்கும் வேலைதான் இது. 1967–72 வண்டிகளில் துரு குடியிருக்கும் இடங்கள் பெரும்பாலும் முன்னறியத்தக்கவை. கதவின் அடியில் ஓடும் தகட்டுப் பெட்டிகள், ஓட்டுநர் அறையின் பின் கீழ்மூலைகள், கால் வைக்கும் தளம், முன்கண்ணாடியின் அடியில் காற்று நுழையும் பகுதி ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. கடைசியாகச் சொன்னதில் இலைச் சருகுகள் சேர்ந்து ஈரத்தைத் தேக்குகின்றன. அங்கு ஓட்டை விழுந்தால் மழைநீர் நேரே தளத்துக்கு வருகிறது. எனவே மேலே உள்ள ஓட்டையை அடைக்காமல் தளத்தை மட்டும் புதுப்பிப்பதால் பயனில்லை.

கதவின் அடித்தகட்டை அறுக்கும் முன் கதவு நிலையின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் அறையின் வடிவத்தைத் தாங்கி நிற்பவற்றுள் அத்தகடும் ஒன்று. முட்டின்றி அறுத்தால் நிலை சற்றே சரிந்துவிடும். புதிய தகட்டைப் பற்றவைத்த பிறகு கதவு மூடாது.

மெல்லிய தகட்டைப் பற்றவைக்கும்போது எழும் பெருஞ்சிக்கல் சுருக்கம். உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கித் தன்னைச் சுற்றியுள்ள தகட்டை இழுக்கிறது. தட்டையான கதவுத் தகடு அலை அலையாகிவிடுவது இதனால்தான். ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி தொலைவில் என மாறி மாறி வைத்து, ஒவ்வொன்றும் ஆறிய பிறகே தொடர்வது இதற்குத் தீர்வு. பின்னர் தகட்டின் அடியில் இரும்புக் குமிழைப் பிடித்து, மேலிருந்து சுத்தியால் பற்றவைப்பை மெல்லத் தட்டினால், சுருங்கிய உலோகம் மீண்டும் விரிகிறது. கம்பி தானே ஊட்டப்படும் மிக் முறை விரைவானது, ஆனால் அதன் பற்றவைப்பு கடினமாக இருக்கும். டங்ஸ்டன் முனை கொண்ட டிக் முறை மெதுவானது, எனினும் அதன் பற்றவைப்பு மென்மையாக இருப்பதால் சுத்திக்கு நன்கு இணங்கும். சந்தையில் கிடைக்காத வளைவுத் தகடுகளை இரு உருளைகளுக்கு இடையே தகட்டைத் தேய்த்து வளைக்கும் ஆங்கிலச் சக்கரம், விளிம்பைச் சுருக்கவும் நீட்டவும் உதவும் கைப்பொறிகள் முதலியவற்றால் கையாலேயே உருவாக்குகின்றனர். கதவுக் கைப்பிடிகள், மழைநீர் விளிம்புகள், பெயர்ப் பட்டைகள் ஆகியவற்றை நீக்கித் துளைகளை மூடி வழவழப்பாக்குவதும் வழக்கம். கூரையைத் தாழ்த்துவது இவற்றுள் மிகக் கடினமானது. தூண்கள் சாய்வாக இருப்பதால், உயரத்தைக் குறைத்தவுடன் கூரையும் தூண்களும் பொருந்தாமல் போகின்றன.

மட்டமான வேலையை மறைக்க உதவுவது பட்டி. தடிமனாகப் பட்டி பூசி வண்ணமடித்த வண்டி, வாங்கிய சில ஆண்டுகளில் வெடித்துத் தன் உண்மையைக் காட்டும். பட்டியின் மேல் காந்தம் ஒட்டாது என்பதால், பழைய வண்டி வாங்குவோர் சிறு காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டு செல்கின்றனர்.

இவ்வேலையின் ஆபத்துகள் பட்டறைக்குப் புதியவர்களுக்குத் தெரிவதில்லை. இத்தலைமுறை வண்டிகளில் பெட்ரோல் தொட்டி ஓட்டுநர் அறைக்குள், இருக்கையின் பின்னால் உள்ளது. தொட்டியை அகற்றாமல் அறையில் எதையும் பற்றவைக்கக் கூடாது. காலித் தொட்டியும் ஆவியால் வெடிக்கும். குளோரின் சேர்ந்த பிரேக் துப்புரவுத் திரவம் பட்ட இடத்தில் பற்றவைத்தால் நச்சு வாயுவான பாஸ்ஜீன் உண்டாகிறது. துத்தநாகம் பூசிய தகட்டின் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

எஞ்சின் மாற்றம்

1967ஆம் ஆண்டின் சாதாரண சி-10 வண்டி 250 கன அங்குல (4.1 லிட்டர்) ஆறு உருளை எஞ்சினுடன் 155 குதிரைத்திறன் கொண்டதாக விற்கப்பட்டது. வி-8 எஞ்சின்களும் கிடைத்தன. இன்று பெரும்பாலும் அவற்றின் இடத்தில் வைக்கப்படுவது ஜெனரல் மோட்டார்சின் எல்.எஸ். குடும்ப எஞ்சின். இது 1997 மாடல் கார்வெட் காரில் அறிமுகமானது. 1999 முதல் அதே குடும்பத்தின் 4.8, 5.3, 6.0 லிட்டர் எஞ்சின்கள் பிக்கப் வண்டிகளில் பெருமளவில் வந்ததால், உடைந்த வண்டிகளை விற்கும் கிடங்குகளில் அவை தாராளமாகக் கிடைக்கின்றன. 5.3 லிட்டர் எஞ்சின் 1999இல் 270 குதிரைத்திறன் தந்தது. 1967இன் எண் துணைக்கருவிகள் இன்றி அளந்த பழைய முறைக்குரியது என்பதால், உண்மையான இடைவெளி காகிதத்தில் தெரிவதைவிடப் பெரியது.

எஞ்சினைத் தாங்கும் இடங்கள் வேறுபடுவதால் இடைத்தகடுகள் வேண்டும். எண்ணெய்த் தட்டு முன் குறுக்குத் தண்டில் இடித்தால் அதையும் மாற்ற வேண்டும். ஆனால் பெரிய மாற்றம் எரிபொருளில் உள்ளது. பழைய கார்புரேட்டருக்கு ஒரு சதுர அங்குலத்துக்கு 5 முதல் 7 பவுண்டு அழுத்தம் போதும். எல்.எஸ். எஞ்சினின் தெளிப்பு முறைக்கு ஏறத்தாழ 58 பவுண்டு வேண்டும். பழைய ரப்பர்க் குழாய்கள் இதைத் தாங்கா. உயரழுத்தப் பம்பு, அதற்கேற்ற குழாய்கள், திருப்பத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்காதபடி தடுப்புகள் கொண்ட தொட்டி ஆகியவை தேவை. இந்த வாய்ப்பைப் பயன்படுத்தித் தொட்டியை ஓட்டுநர் அறையிலிருந்து வெளியேற்றி, பின்பக்க அடிச்சட்டத் தண்டுகளுக்கு இடையே வைத்துவிடுகின்றனர். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் இருப்பதைவிட இது எல்லா வகையிலும் மேலானது. செவ்ரோலெட் நிறுவனமே 1973 மாடலிலிருந்து தொட்டியை அறைக்கு வெளியே கொண்டுசென்றது.

பிரேக்கும் பாதுகாப்பும்

1970 வரையிலான சி-10 வண்டிகளின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. முன்சக்கர டிஸ்க் பிரேக் 1971இல்தான் வழக்கமான உறுப்பானது. சக்கரத்தின் போல்ட்டுகளும் ஆறிலிருந்து ஐந்தாகின. ஆகவே 1967–70 வண்டியில் புதிய எஞ்சின் வைப்போர் முன் பிரேக்குகளையும் மாற்றுவது இன்றியமையாதது. 1973–87 தலைமுறையின் முன் குறுக்குத் தண்டைத் தொங்கமைவோடு முழுமையாக எடுத்துப் பொருத்துவது மலிவான வழி. அடிச்சட்டத்தில் அது போல்ட்டுகளால் இணையக்கூடியது என்பதே அதற்குக் காரணம். மூன்று முனை இருக்கைப் பட்டை பொருத்துவோர், தோள் முனை வரும் இடத்தில் தகட்டின் பின்னால் தடித்த எஃகு வில்லையைப் பற்றவைக்க வேண்டும். மெல்லிய தகட்டில் மட்டும் திருகிய பட்டை மோதலில் பிய்ந்துவிடும்.

சட்டநிலை

ஐக்கிய அமெரிக்காவில் வண்டி மாற்றங்கள் குறித்த விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. புகைக் கட்டுப்பாட்டில் கடுமையானதாகக் கருதப்படும் கலிபோர்னியாவில், 1975 மற்றும் அதற்கு முந்தைய மாடல் பெட்ரோல் வண்டிகளுக்குக் காலமுறைப் புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. 1972 வரையிலான வண்டிகளுக்கு இது சாதகமாகிறது. வண்டி அடையாள எண்ணை நீக்குவதோ திருத்துவதோ கூட்டரசுச் சட்டப்படி குற்றம். இவ்வெண் ஓட்டுநர் அறையின் கதவு நிலையில் உள்ள தகட்டிலும் அடிச்சட்டத்திலும் பொறிக்கப்பட்டிருப்பதால், ஒரு வண்டியின் அறையையும் மற்றொன்றின் சட்டத்தையும் இணைப்போர் இதில் சிக்கிக்கொள்வது உண்டு.

மாற்றுக் கருத்துகள்

மீட்டமைப்பாளர்கள் இவ்வழக்கத்தை முழுமனதோடு ஏற்பதில்லை. அறுக்கப்பட்ட அடிச்சட்டம் திரும்ப முழுமையாவதில்லை. துருவுக்குத் தப்பிய நல்ல நெடும்பெட்டி வண்டிகள் குறுக்கப்படுவதால், அக்காலப் பண்ணைகளில் உண்மையில் உழைத்த வகை குறைந்துகொண்டே வருகிறது என்பது அவர்களின் வாதம். இவ்வாதத்தில் நியாயம் உண்டு. மறுபுறம், மாற்றியமைப்போர் உருவாக்கிய சந்தை இல்லாவிட்டால் இன்று புதிதாக அச்சிட்டு விற்கப்படும் மாற்றுத் தகடுகள் இருந்திரா. பல வண்டிகள் பழைய இரும்புக்கே போயிருக்கும். இரு தரப்புக்கும் இடைப்பட்ட வழியாக, வெயிலில் மங்கித் தேய்ந்த ஆலை வண்ணத்தையும் பண்ணையின் பெயரெழுத்துகளையும் அப்படியே விட்டுவிட்டு, அடியில் உள்ளவற்றை மட்டும் புதுப்பிக்கும் முறை பரவியுள்ளது. வெட்டாமல் போல்ட்டுகளால் மட்டும் பொருத்தத்தக்க உறுப்புகளையே ஏற்போரும் உள்ளனர்.

மின் மோட்டார்கள்

எஞ்சினுக்குப் பதிலாக மின் மோட்டாரைப் பொருத்தும் முயற்சிகளும் நடந்துள்ளன. 2019ஆம் ஆண்டு சேமா கண்காட்சியில் செவ்ரோலெட் நிறுவனமே 1962ஆம் ஆண்டு சி-10 ஒன்றில் இரு மின் மோட்டார்களைப் பொருத்தி இ-10 என்ற பெயரில் காட்சிக்கு வைத்தது. அதன் போட்டியாளரான போர்டு நிறுவனம் 2021இல் 1978ஆம் ஆண்டு எப்-100 பிக்கப் வண்டியில் மஸ்டாங் மாக்-இ ஜி.டி. காரின் இரு மோட்டார்களை வைத்து 480 குதிரைத்திறன் கொண்ட எலுமினேட்டர் என்னும் காட்சி வண்டியை உருவாக்கியது. இ-10 வண்டியில் மின்கலங்கள் சரக்குப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்தன.